சி நிரலில் ஓடும் மட் விளையாட்டு அடிக்கடி படுத்துவிடுகிறதா? நினைவகப் பிழையைப் பிடிக்கும் வழி

மூன்று வாரம். ஒரு கோப்ளினுக்கு வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை அது.

டிபிஏமட் என்ற திறந்த மூல நிரலை எடுத்து, நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து விளையாட, மட் எனப்படும் ஓர் எழுத்துவழி விளையாட்டை நடத்துகிறேன். வீரர் அறைக்குள் வந்ததும் அங்கே நிற்கும் பாத்திரம் ஒரு வரி பேசினால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டு நாற்பது வரி சேர்த்தேன். சோதித்தபோது அழகாகப் பேசியது. அன்றிரவே சர்வர் படுத்துவிட்டது. ஒரு தடவை யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் ‘ஹூ’ கட்டளையில் விழுந்தது, அடுத்த தடவை யாரோ ஆட்டத்தைச் சேமிக்கும்போது, இன்னொரு தடவை யாருமே எதுவும் தட்டாத அதிகாலையில், வானிலை மாறும் இடத்தில். நான் சேர்த்த நாற்பது வரியில் ஒரு தடவைகூட விழவில்லை. அதனாலேயே அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டும் என்பார்கள். சி மொழியின் நினைவகப் பிழை அச்சு அசல் அப்படித்தான். கீழே உள்ள வரிசையில் போயிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடித்திருப்பேன்.

சி ஓரளவு படிக்கத் தெரிந்து, லினக்ஸில் ஒரு பழைய மட் நிரலை வைத்துக்கொண்டு மாரடிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் உதாரணங்கள் டிபிஏமட், அதன் தாயான சர்க்கிள்மட் இரண்டையும் ஒட்டியவை. ரோம், ஸ்மாக் என்ற வேறு மட் நிரல்களை வைத்திருப்பவர்களுக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

செலவு, நேரம் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜிசிசி என்ற கம்பைலர், விழுந்த நிரலைத் திறந்து பார்க்கும் ஜிடிபி, நினைவகப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிடைசர், வால்கிரைண்ட் எல்லாமே இலவசம். காசு கேட்டு வரும் எந்தக் கருவியும் இதற்குத் தேவையில்லை. முதல் முறை அமைத்துக்கொள்ள ஒரு மணி நேரம் ஆகும். மறுபடி விழவைப்பதற்குத்தான் எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாது, ஐந்து நிமிடமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அது கைகூடிவிட்டால் மீதி எல்லாம் அரை மணி நேர வேலை.

1. விழுந்ததும் எதையும் தொடாதீர்கள்

பதற்றத்தில் எல்லாரும் செய்வது, உடனே ஒரு வரியை மாற்றி மறுபடி கம்பைல் செய்வது. செய்யாதீர்கள். கோர் கோப்பும் (விழுந்த நொடியில் இயங்குதளம் எழுதிவைக்கும் நினைவகப் பிரதி), அதை உண்டாக்கிய அதே பைனரியும் (கம்பைல் செய்து கிடைத்த ஓடும் கோப்பு) சேர்ந்திருந்தால்தான் பயன். பைனரி மாறிவிட்டால் ஜிடிபி காட்டும் வரி எண்கள் எல்லாம் கதை விடும். கோர் கோப்பைவிடப் பைனரி புதிது என்று ஜிடிபி ஒரு எச்சரிக்கை கொடுக்கும், பார்த்தும் பார்க்காமல் போய்விடுவோம். நான் போனேன்.

விழுந்தவுடன் தேதி போட்ட ஒரு கோப்புறையை உண்டாக்கி இவற்றைப் பிரதி எடுத்து வையுங்கள்: கோர் கோப்பு, பின் கோப்புறையில் உள்ள பைனரி, அந்த நேரத்து சிஸ்லாக் (சர்வரின் பதிவுக் கோப்பு), லிப் கோப்புறை முழுவதும். அதோடு மூல நிரல் எந்த நிலையில் இருந்தது என்பதும் வேண்டும். மாற்றங்களைப் படிப்படியாகப் பதிந்துவைக்கும் கிட் பயன்படுத்தினால் கமிட் எண்ணை ஒரு காகிதத்தில் குறித்தாலே போதும். கிட் பயன்படுத்தாதவர்கள் இன்றைக்கே தொடங்குங்கள். ஏன் என்று ஐந்தாம் படியில் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. கோர் கோப்பு என்பது சர்வரின் நினைவகம் அப்படியே. வீரர்கள் தட்டிய தனிச்செய்திகள், சில சமயம் அப்போதுதான் தட்டிய கடவுச்சொல்கூட அதில் இருக்கும். உதவி கேட்கும்போது அதைத் தூக்கிப் பொதுவில் போட்டுவிடாதீர்கள். பேக்டிரேஸை (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற அடுக்கை) மட்டும் எழுத்தாக எடுத்துக் கொடுங்கள்.

2. கோர் கோப்பு விழ வழி செய்யுங்கள்

‘எனக்குக் கோர் கோப்பே வரவில்லையே’ என்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது, பெரும்பாலான லினக்ஸ்களில் கோர் கோப்பின் அளவு வரம்பு தொடக்கத்திலேயே பூஜ்யம். ‘யூலிமிட்’ கட்டளையில் சி என்ற தேர்வோடு ‘அன்லிமிடட்’ என்று கொடுக்க வேண்டும். இதை நீங்கள் ஒரு டெர்மினலில் தட்டிவிட்டு, சர்வரை இன்னொரு டெர்மினலிலோ கிரான் வழியாகவோ கிளப்பினால் பயனில்லை. சர்வரைக் கிளப்பும் ஆட்டோரன் ஸ்கிரிப்டின் தலையிலேயே அந்த வரியைப் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, தப்பான இடத்தில் தேடுவது. சர்க்கிள்மட் வழி நிரல்கள் கிளம்பியதும் லிப் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதனால் கோர் கோப்பும் அங்கேதான் விழும். நான் எஸ்ஆர்சி கோப்புறையில் இரண்டு நாள் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, இயங்குதளமே கோர் கோப்பை வாரிக்கொண்டு போய்விடுவது. ப்ராக் கோப்புறைக்குள் சிஸ், அதற்குள் கெர்னல், அதற்குள் ‘கோர் பேட்டர்ன்’ என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். அதன் முதல் குறி செங்குத்துக் கோடாக இருந்தால், கோர் வேறொரு நிரலுக்குப் போகிறது என்று அர்த்தம். உபுண்டுவில் அது ஆப்போர்ட்டாக இருக்கும், வேறு பலவற்றில் சிஸ்டம்டி. சிஸ்டம்டி என்றால் ‘கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட்’ கட்டளை பட்டியல் கொடுக்கும். லிஸ்ட் என்ற இடத்தில் ஜிடிபி என்று போட்டால் நேராக ஜிடிபியே திறக்கும். ரூட் அனுமதி இருந்தால் அந்த அமைப்பை மாற்றி, கோப்புப் பெயரில் செயல்முறை எண்ணும் சேரும்படி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆட்டோரன் சர்வரை மறுபடி கிளப்பி, அது மறுபடி விழுந்து, முதல் கோர் கோப்பின் மேலேயே எழுதிவிடும்.

3. எல்லாவற்றையும் அழித்து மறுபடி கம்பைல் செய்யுங்கள்

சிரிக்காதீர்கள். ஸ்ட்ரக்ட்ஸ் தலைப்புக் கோப்பில் ஒரு புதிய உறுப்பைச் சேர்த்துவிட்டு வெறுமனே மேக் கொடுத்தால், சார்புப் பட்டியல் சரியாக இல்லாத மேக்ஃபைல் சில கோப்புகளை மட்டும் கம்பைல் செய்யும். பாதி ஆப்ஜெக்ட் கோப்புகள் ‘பாத்திரம் 400 பைட்’ என்று நினைத்துக்கொண்டிருக்கும், மீதிப் பாதி 408 என்று நினைக்கும். அப்புறம் நடப்பதற்கு எந்த லாஜிக்கும் கிடையாது. மேக் க்ளீன் கொடுத்துவிட்டு மேக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை. பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும் என்று சொல்ல ஆசை, ஆனால் எனக்குத் தீரவில்லை.

கம்பைல் செய்யும்போது மூன்று கொடிகள் வேண்டும். ஒன்று, பிழைதிருத்தத் தகவலைச் சேர்க்கும் ஜி கொடி. இரண்டு, மேம்படுத்தலை நிறுத்தும் பெரிய ஓ பூஜ்யம். இது இல்லையென்றால் ஜிடிபியில் பாதி மாறிகளுக்கு ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்றுதான் பதில் வரும். மூன்று, எச்சரிக்கைகளைத் திறந்துவிடும் வால் கொடி, அதாவது பெரிய டபிள்யூ, அப்புறம் ஆல்.

எச்சரிக்கைகள் நூறு வரும். பழைய நிரல்தானே என்று தள்ளிவிட வேண்டாம். அவற்றில் ‘இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்’ என்ற சொல் வரும் வரிகளை மட்டுமாவது ஒன்றுவிடாமல் தீர்த்துவிடுங்கள். இந்த நிரல்கள் எல்லாம் 32 பிட் கணினிகளின் காலத்தில் எழுதப்பட்டவை. அறிவிக்கப்படாத ஃபங்ஷன் இன்ட் எண்ணைத் திருப்பித் தரும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். 32 பிட்டில் பாயிண்டரும் இன்ட்டும் ஒரே அளவு, அதனால் பிழைத்துக்கொண்டது. 64 பிட்டில் பாயிண்டரின் மேல் பாதி வெட்டுப்பட்டுப் போகும், தொட்டவுடன் விழும். ஜிசிசி 14 முதல் இது எச்சரிக்கையாக இல்லாமல் பிழையாகவே நின்றுவிடுகிறது. நல்லதுதான்.

இதன் பிரபலமான முகம்: சர்வர் நன்றாகக் கிளம்பும், பெயர் கேட்கும், கடவுச்சொல் தட்டியதும் செத்துப்போகும். காரணம், கிரிப்ட் ஃபங்ஷனுக்கான தலைப்புக் கோப்பு சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்த்துவிட்டால் சரி.

4. ஜிடிபியில் முதல் பத்து நிமிடம்

பைனரியையும் கோர் கோப்பையும் கொடுத்து ஜிடிபியைத் திறந்ததும் தட்ட வேண்டியது இரண்டே எழுத்து: பி, டி. ‘பிடி’ என்றே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற அடுக்கு வரும். அடுக்கில் மேலே சிஸ்டம் நூலகத்தின் பெயர்கள் இருந்தால் அவற்றைத் தாண்டி, உங்கள் நிரலின் முதல் வரி எது என்று பாருங்கள். ‘அப்’ கொடுத்து அங்கே ஏறி, ‘இன்ஃபோ லோக்கல்ஸ்’ கொடுத்தால் அந்த இடத்தின் மாறிகள் தெரியும்.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது சிக்னல் எண். 11 என்றால் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறீர்கள். 6 என்றால் யாரோ தாமாகவே நிறுத்தியிருக்கிறார்கள், ஏன் என்று லாக்கின் கடைசி வரிகளில் இருக்கும். ‘டபுள் ஃப்ரீ டிடெக்டட்’ என்றால் ஒரே நினைவகத்தை இரண்டு தடவை விடுவித்திருக்கிறீர்கள். ‘ஸ்டாக் ஸ்மாஷிங்’ என்றால் ஒரு ஃபங்ஷனுக்குள் அறிவித்த அணியின் எல்லை மீறப்பட்டிருக்கிறது. இது நல்ல செய்தி, குற்றவாளி பெரும்பாலும் அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே இருப்பான். ‘மல்லாக்’ என்று தொடங்கி ‘கரப்டட்’ என்று வந்தால், வேறெங்கோ முன்பே எழுதிக் கெடுத்துவிட்டார்கள், இங்கே தெரியவந்திருக்கிறது, அவ்வளவுதான். சர்க்கிள்மட் வழியில் ‘செக்பாயின்ட் ஷட்டவுன்’ என்ற வரி இருந்தால் அது நினைவகப் பிழையே இல்லாமல் இருக்கலாம். சர்வர் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்ததால் அதுவே தன்னைக் கொன்றுகொண்டது. ஒரு பாத்திரத்தை ஒரே அறையில் இரண்டு தடவை சேர்த்துவிட்டால் பட்டியல் வட்டமாகி இப்படி நடக்கும்.

பிடி கொடுத்ததும் ஆயிரக்கணக்கில் வரிகள் ஓடினால், ஏதோ ஒரு ஃபங்ஷன் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறது. லினக்ஸில் ஸ்டாக் வழக்கமாக 8 மெகாபைட்தான். மந்திரம் ஒரு ஸ்கிரிப்டைத் தூண்ட, ஸ்கிரிப்ட் அதே மந்திரத்தைப் போட, இப்படி ஒரு பரம்பரை உருவாகும்.

அடுத்து, விழுந்த முகவரியைப் பார்த்தே நிறையச் சொல்லிவிடலாம். பூஜ்யம் என்றால் வெற்றுப் பாயிண்டர். 8, 18, 40 என்று சின்ன எண் என்றால் அதுவும் வெற்றுப் பாயிண்டர்தான். அதன் உள்ளே இருக்கும் ஓர் உறுப்பைத் தேடியிருக்கிறீர்கள். பெரிய எண்ணாக இருந்து, பைட்டுகளை எழுத்தாகப் படித்தால் சொல்லாக வந்தால், ஏதோ ஒரு சரம் தன் இடத்தை விட்டு வழிந்து பாயிண்டரின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

தமிழில் விளையாட்டு நடத்துபவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் துப்பு. யூடிஎஃப் 8ல் தமிழ் எழுத்துகள் எல்லாம் பதினாறடி எண்ணில் ஈ0 என்ற பைட்டில் தொடங்கும், அடுத்தது ஏஈ அல்லது ஏஎஃப். ‘க’ என்றால் ஈ0, ஏஈ, 95. இன்டெல் வகைக் கணினியில் பைட்டுகள் பின்னிருந்து முன்னாக எண்ணாகும். ஆகவே ஜிடிபி காட்டும் முகவரியில் ஏஈ-ஈ0, ஏஈ-ஈ0 என்று திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் பாயிண்டர் இருந்த இடத்தில் தமிழ் வாக்கியம் ஒன்று படுத்திருக்கிறது. அந்த இடத்தை எழுத்தாகக் காட்டச் சொன்னால் எந்த வாக்கியம் என்றே தெரிந்துவிடும்.

இந்தப் பத்து நிமிடத்தில் விடை கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்கவில்லை என்றால் ஜிடிபியிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். நான் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன். கோர் கோப்பு பனை மரத்தைத்தான் காட்டும், தேளை அல்ல.

5. மறுபடி விழவையுங்கள்

சர்வரை உங்கள் சொந்தக் கணினியில், முதலாம் படியில் எடுத்த லிப் பிரதியோடு, வேறு போர்ட்டில் ஓட்டுங்கள். வழக்கமான போர்ட் 4000 என்றால் இதற்கு 4001. நிஜ வீரர்கள் இருக்கும் சர்வரில் சோதிக்க வேண்டாம்.

எந்தக் கட்டளையில் விழுந்தது என்று தெரியவில்லையா? ஒரு சின்ன ஏற்பாடு செய்யுங்கள். கட்டளையைப் பிரித்துப் பார்க்கும் ஃபங்ஷனின் தொடக்கத்தில், வீரர் பெயர், அறை எண், தட்டிய வரி மூன்றையும் ஒரு குளோபல் அணியில் எஸ்என்பிரின்ட்எஃப் கொண்டு எழுதிவையுங்கள். கடைசி இருபது கட்டளைகள் சுழன்று நிற்கும்படி செய்தால் இன்னும் நல்லது. அடுத்த தடவை விழுந்ததும் ஜிடிபியில் அந்த அணியைப் பிரின்ட் செய்தால் போதும். பதினைந்து நிமிட வேலை, வருடக்கணக்கில் உதவும்.

வீரர்களிடமும் கேளுங்கள். ஆனால் ‘என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் ‘ஒன்றும் செய்யவில்லை’ என்றுதான் பதில் வரும். அவர்கள் திரையில் இருக்கும் கடைசி ஐம்பது வரியைக் கேட்டு வாங்குங்கள்.

விழவைக்கும் வழி கிடைத்துவிட்டது, எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தெரியவில்லை என்றால், கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும் கிட் பைசெக்ட் இருக்கிறது. நூறு கமிட் இருந்தால் ஏழே சோதனையில் சரியான கமிட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். கிட் இல்லாதவர்களுக்கு இந்த வசதி கிடையாது, அதற்காகத்தான் முன்பே சொன்னேன்.

6. அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டுங்கள்

என் மூன்று வாரத்தை முடித்துவைத்தது இதுதான். ஜிசிசி 4.8லிருந்தே உள்ளே இருக்கிறது. ‘எஃப்சானிடைஸ்’ கொடிக்கு ‘அட்ரஸ்’ என்ற மதிப்பைக் கொடுத்துக் கம்பைல் செய்ய வேண்டும். இங்கே புதியவர்கள் விழும் குழி: அந்தக் கொடியைக் கம்பைல் செய்யும் வரியிலும் வேண்டும், இறுதியில் இணைக்கும் வரியிலும் வேண்டும். கம்பைல் வரியில் மட்டும் போட்டால் புரியாத பெயர்களோடு இணைப்புப் பிழை வரும். முன்னால் ஒரு தடவை மேக் க்ளீன்.

ஓட்டும் முன் ‘ஏசான் ஆப்ஷன்ஸ்’ என்ற சூழல் மாறியில் இரண்டு அமைப்புகள். கசிவைத் தேடும் ‘டிடெக்ட் லீக்ஸ்’ பூஜ்யமாக இருக்கட்டும். பழைய மட் நிரல்கள் மூடும்போது நினைவகத்தை ஒழுங்காக விடுவிப்பது அபூர்வம், உங்களுக்கு வேண்டிய அறிக்கை அந்தக் குப்பையில் புதைந்துபோகும். இன்னொன்று ‘லாக் பாத்’. அறிக்கை தனிக் கோப்பில் விழும், ஆட்டோரன் அதை விழுங்கிவிடாது.

வேகம் ஏறத்தாழ பாதியாகும், நினைவகம் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். நொடிக்குப் பத்துத் துடிப்பு துடித்துவிட்டுப் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும் மட் சர்வரில் இந்த வேகக் குறைவு தெரியவே தெரியாது.

இப்போது ஐந்தாம் படியில் கண்டுபிடித்ததைச் செய்யுங்கள். இந்தத் தடவை சர்வர் கண்ட இடத்தில் விழாது, குற்றம் நடக்கும் அந்த நொடியிலேயே நிற்கும். விடுவித்த நினைவகத்தைத் தொட்டது என்றால் அறிக்கையில் மூன்று அடுக்குகள் இருக்கும்: இப்போது தொட்டது யார், முன்பு விடுவித்தது யார், முதலில் ஒதுக்கியது யார். கோர் கோப்பு இதில் முதலாவதைத்தான், அதையும் ரொம்பத் தாமதமாகத்தான், காட்டும். நீங்கள் தேடுவது நடு அடுக்கு.

என் அறிக்கையின் நடு அடுக்கில், பாத்திரத்தை விடுவிக்கும் ஃபங்ஷனுக்குள் நானே எழுதிய ஒரு வரி நின்றது. பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்தக் கதை எட்டாம் படியில்.

ரோம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. ரோம் தன் நினைவகத்தைத் தானே பெரிய துண்டாக வாங்கி, பிரித்துக் கொடுத்து, திரும்ப வாங்கி, மறுபடி வேறொருவருக்குக் கொடுக்கும். சானிடைசரின் கண்ணுக்கு எதுவும் விடுவிக்கப்படுவதே இல்லை. அதனால் ‘பிழை ஒன்றும் இல்லை’ என்று நற்சான்றிதழ் கொடுத்துவிடும். சோதிக்கும் பிரதியில் மட்டும், ரோமின் ஒதுக்கும் ஃபங்ஷன் நேராக கேலாக்கையும், விடுவிக்கும் ஃபங்ஷன் நேராக ஃப்ரீயையும் கூப்பிடும்படி மாற்றுங்கள். பாத்திரங்களையும் பொருள்களையும் மறுபயன்பாட்டுப் பட்டியலில் சேர்க்கும் இடங்களையும் அப்படியே. சரங்களை விடுவிக்கும் இடத்தில் மட்டும் கவனம்: கிளம்பும்போது கோப்பிலிருந்து படித்த சரங்கள் ஒரே பொது இடத்தில் இருக்கும், அந்த இடத்துக்குள் இருக்கிறதா என்ற சோதனையை எடுத்துவிடாதீர்கள்.

7. வால்கிரைண்ட் எப்போது வேண்டும்

சானிடைசருக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு: மதிப்பே கொடுக்காத மாறியைப் படிப்பது. சில நாள் ஓடுகிறது, சில நாள் விழுகிறது, சானிடைசர் வாய் திறக்கவில்லை என்றால் வால்கிரைண்டைக் கூப்பிடுங்கள். மறுகம்பைல் வேண்டாம், ஆனால் சானிடைசர் இல்லாத பைனரியாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக ஓடாது. வேகம் 10 முதல் 50 மடங்குவரை குறையும், உலகக் கோப்புகளைப் படித்து முடிக்கும்வரை ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். உலகின் சிறு பகுதியை மட்டும் ஏற்றும் மினி மட் முறையில் கிளப்பினால் காபிக்கு நேரமிருக்காது. ஃபங்ஷனுக்குள் இருக்கும் அணிகளின் எல்லை மீறல் வால்கிரைண்டுக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். காப்பிஓவர் (வீரர்களைத் துண்டிக்காமல் சர்வரை மறுபடி கிளப்புவது) செய்து சோதிப்பவர்கள், பிள்ளைச் செயல்முறைகளையும் பின்தொடரச் சொல்லும் தேர்வைச் சேர்க்க வேண்டும்.

8. வழக்கமான குற்றவாளிகள்

மேலோட்டமான பிரதி. என் கோப்ளின் இதில்தான் மாட்டியது. டிபிஏமட்டில் ஒரு பாத்திரம் பிறக்கும்போது, அதன் முன்மாதிரி ஒரே வரியில் அப்படியே நகலெடுக்கப்படும். எண்கள் நகலாகும், சரங்கள் நகலாகாது, அவற்றின் முகவரி மட்டும் நகலாகும். பத்துக் கோப்ளின்கள் இருந்தாலும் வணக்கம் சொல்லும் சரம் ஒன்றுதான், அது முன்மாதிரியின் சொத்து. நானோ ‘ஒதுக்கியதை விடுவிக்க வேண்டும்’ என்று பொறுப்பாக, பாத்திரம் சாகும்போது அந்தச் சரத்தை விடுவித்துவிட்டேன். முதல் கோப்ளின் செத்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முன்மாதிரியின் கையில் இருந்தது இப்போது செல்லாத முகவரி. அந்த இடத்தை யாரோ ஒரு வீரரின் விவரணைக்கு சிஸ்டம் கொடுத்தது. இரண்டாவது கோப்ளின் செத்தபோது அந்த வீரரின் விவரணை விடுவிக்கப்பட்டது. அப்புறம் அவர் ஆட்டத்தைச் சேமித்தார். மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

இதைவிடக் கடுப்பான விஷயம், அதே ஃபங்ஷனில் மற்ற சரங்களுக்கு ‘முன்மாதிரியின் முகவரியும் இதுவும் வேறா’ என்று பார்த்துவிட்டு விடுவிக்கும் வரிகள் வரிசையாக இருந்தன. நான் அவற்றுக்கு நேர் கீழேதான் என் வரியைச் சேர்த்திருந்தேன்.

பட்டியலில் நடக்கும்போதே ஆள் காணாமல் போவது. அறையில் உள்ள எல்லாரையும் தாக்கும் மந்திரம் வட்டமிட்டு வரும்போது, அடிபட்டவர் செத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார். அடுத்தவர் யார் என்று முன்பே குறித்துவைத்தால் போதும் என்று எல்லா நிரலிலும் எழுதியிருக்கும். குறித்துவைத்த அந்த அடுத்தவரும் அதே அடியில் செத்தால்? இதனால்தான் டிபிஏமட் பாத்திரங்களை உடனே விடுவிப்பதில்லை. குறியிட்டு வைத்து அப்புறம் மொத்தமாக விடுவிக்கிறது. பொருள்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மருந்தைக் குடித்து அழித்த பிறகு, அதன் பெயரைத் திரையில் காட்ட முயலும் வரிகளைத் தேடுங்கள், குறைந்தது இரண்டு கிடைக்கும்.

வீரர் தட்டியதை அப்படியே வடிவச் சரமாக (பிரின்ட்எஃப் வகை ஃபங்ஷன்களுக்குக் கொடுக்கும் ஃபார்மேட்) அனுப்புவது. அரட்டையில் ஒருவர் ‘100%’ என்று தட்டிப் பக்கத்தில் எஸ் எழுத்தும் வந்துவிட்டால் சர்வர் இல்லாத பாயிண்டரைத் தேடிப் போகும். வடிவச் சரமாக ‘%s’ என்று கொடுத்து, செய்தியை எப்போதும் அதற்கு அடுத்த வாதமாகவே அனுப்புங்கள். ‘ஃபார்மேட் செக்யூரிட்டி’ எச்சரிக்கையைத் திறந்துவைத்தால் கம்பைலரே காட்டிக்கொடுக்கும்.

அட்டவணையின் வாலை மறப்பது. புதிய வகுப்போ மந்திரமோ சேர்க்கும்போது பெயர்ப் பட்டியலின் கடைசியில் இருக்கும் புதுவரிக் குறியைத் தவறுதலாக அழித்துவிட்டால், தேடும் ஃபங்ஷன் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

ஸ்மாக்கில் சரங்கள் இரண்டு சாதி. பகிர்ந்துகொள்ளும் சரங்களை ஒரு வழியிலும் தனிச் சரங்களை வேறு வழியிலும் விடுவிக்க வேண்டும். கலந்தால் விழும்.

தமிழ். விளையாட்டைத் தமிழில் நடத்த ஆசைப்பட்டு, உள்ளீட்டில் ஆஸ்கி அல்லாததை வடிகட்டும் வரியை எடுத்துவிட்டீர்களா? மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, அளவு: ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட், ‘கு’ என்றால் 6, ‘க்ஷ’ என்றால் 9. இருபது எழுத்துக்கு ஒதுக்கிய பெயர் இடத்தில் ‘செந்தில்குமார்’ கொள்ளாது. இரண்டாவது, குறி: இன்டெல் கணினியில் ‘சார்’ என்ற எழுத்து வகை எதிர்மறை எண்ணையும் ஏற்கும், ஆகவே தமிழ்ப் பைட்டை அட்டவணைக்கு எண்ணாகக் கொடுத்தால் அட்டவணைக்கு முன்னால் போய்ப் படிக்கும். ஆர்ம் லினக்ஸில் அது நேர்மறை, எனவே அங்கே அதே நிரல் வேறுவிதமாக நடந்துகொள்ளும். மூன்றாவது யாருமே எதிர்பார்க்காதது. இந்த நிரல்கள் கடவுச்சொல்லைக் குறியாக்க வீரரின் பெயரையே உப்பாக (குறியாக்கத்தில் கலக்கும் கூடுதல் எழுத்துகளாக) பயன்படுத்துகின்றன. உப்பில் ஆங்கில எழுத்தும் எண்ணும் புள்ளியும் சாய்கோடும்தான் செல்லும். தமிழ்ப் பெயர் என்றால், லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.17 முதல் தன்னோடு தந்த கிரிப்ட் வெற்றுப் பாயிண்டரைத் திருப்பும், சர்வர் அங்கேயே விழும். வேறு கிரிப்ட் நூலகம் உள்ள இன்றைய பல லினக்ஸ்களில் விழாது, அதற்குப் பதில் பிழைக்குறி ஒன்று கடவுச்சொல்லாகச் சேமிக்கப்பட்டு, அந்த வீரர் உள்ளே வரவே முடியாது.

9. திருத்தும்போதும் திருத்திய பிறகும்

விழுந்த வரிக்கு மேலே ‘பாயிண்டர் வெற்று என்றால் திரும்பிப் போ’ என்று ஒரு வரி போடும் ஆசை வரும். அந்தப் பாயிண்டர் ஏன் வெற்றாக இருந்தது என்று உங்களால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் போடுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அது வலிக்கு மேல் ஒட்டிய பிளாஸ்திரி. நான் அந்த மூன்று வாரத்தில் பதினொரு பிளாஸ்திரி ஒட்டினேன். விடுவித்த நினைவகத்தின் பாயிண்டர் வெற்றாக இருக்காது என்பதால் அவற்றில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. பிறகு அவற்றைப் பிய்த்தெடுக்கவே ஒரு மாலை போனது.

திருத்தியதும் விழவைத்த அதே வழியைச் சானிடைசர் பைனரியில் குறைந்தது பத்துத் தடவை செய்து பாருங்கள். அதோடு, நீங்கள் தொட்ட பொருள் பிறக்கும் வழி, சாகும் வழி, விளையாட்டுக்குள்ளிருந்தே திருத்தப்படும் வழி மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். என் கோப்ளினுக்குச் சாகும் வழியில் ஒப்பீட்டு வரியைச் சேர்த்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று தூங்கப் போனேன். விளையாட்டுக்குள் பாத்திரத்தைத் திருத்தும் எடிட்டரும் அதே சரத்தை முகவரியாகத்தான் நகலெடுக்கிறது என்று மறுநாள் காலை அறிக்கையில் இருந்தது.

சானிடைசர் பைனரியை அழித்துவிடாதீர்கள். நான் அதை 4001இல் நிரந்தரமாக ஓடவிட்டிருக்கிறேன். புதிதாக எது சேர்த்தாலும் ஒரு வாரம் அங்கே ஓடிய பிறகுதான் 4000க்குப் போகும். வைத்த முதல் வாரத்திலேயே, கட்டளையின் முதல் சொல்லை வாங்க நான் இரண்டு வருடத்துக்கு முன் 80 பைட் மட்டும் ஒதுக்கியிருந்த ஓர் இடத்தைப் பிடித்துக் கொடுத்தது. நண்பர் ஒருவர் இடைவெளியே விடாமல் ‘ஆஆஆஆ’ என்று கத்தியிருந்தார்.